ஈ.ஐ. வாரங்களைக் கூட்டுவார்களா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு என்ற பேச்சு எழும்பினாலே கூடவே வரும் கேள்வி, "இந்த முறையும் ஈ.ஐ.யைக் கூட்டிக் குடுப்பாங்களாமோ?" என்பதுதான். ஈ.ஐ. என்பது வேலை இழந்தவருக்குக் கிழமைக் கணக்கில் காசு கொடுக்கும் அரச வேலைவாய்ப்புக் காப்புறுதி (Employment Insurance); கூட்டுவது என்றால் அந்தக் காசு வரும் வாரங்களைக் கூட்டுவது. வாடகையும் கார் இன்சூரன்ஸும் ஊருக்கு அனுப்பும் காசும் ஒரே சம்பளத்தில் தொங்கும் வீடுகளில் இந்தக் கவலை நியாயமானது. ஆனால் கூட்டிய வாரங்கள் யாருக்குக் கிடைத்தன என்று பார்த்தால், நாட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகாதவர்கள் அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடக்கூடாது என்பது தெளிவாகும்.

2009 மந்தத்தில் எல்லோருக்கும் 5 வாரம் கூட்டினார்கள். 2016இல் எண்ணெய் விலை விழுந்தபோது அடிபட்ட பிராந்தியங்களுக்கு மட்டும் கூட்டினார்கள். கோவிட் காலத்தில் 50 வாரம் வரை போனது. 2025இல் அமெரிக்க இறக்குமதி வரியால் வேலைகள் ஆட்டம் கண்டபோது மேலதிகமாக 20 வாரம், மொத்தம் 65 வாரம் வரை என்று அறிவித்தார்கள். இவை எல்லாமே முடிவுத் தேதியோடு வந்த தற்காலிக ஏற்பாடுகள். அந்த 20 வாரமும் நீண்டகாலத் தொழிலாளருக்கு மட்டும்: கடந்த 10 ஆண்டில் குறைந்தது 7 ஆண்டாவது, அந்தந்த ஆண்டின் உச்ச ஈ.ஐ. கட்டணத்தில் 30 வீதமேனும் கட்டியிருக்க வேண்டும். கடந்த 5 ஆண்டில் 36 வாரத்துக்குக் குறைவாகவே ஈ.ஐ. எடுத்திருக்க வேண்டும். 2020இல் வந்து இறங்கிய ஒருவர் ஒரு நாளும் லீவு எடுக்காமல் இரட்டை ஷிப்ட் செய்திருந்தாலும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். இது அநீதி என்றே நினைக்கிறோம். கட்டணம் எல்லோருடைய சம்பளத்திலும்தானே வெட்டப்படுகிறது.

ஆகவே கையில் உறுதியாக இருப்பது வழமையான 14 முதல் 45 வாரம். தகுதி பெற, கடைசி 52 வாரத்தில் 420 முதல் 700 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். எத்தனை என்பதை உங்கள் தபால் குறியீடு எந்த ஈ.ஐ. பிராந்தியத்தில் விழுகிறது, அங்கே வேலையில்லாதோர் வீதம் எவ்வளவு என்பவை தீர்மானிக்கும். வருடம் முழுக்கக் கிழமைக்கு 35 மணி வேலை செய்தவருக்கு 1,820 மணித்தியாலம் சேரும். வீதம் 6க்கு உட்பட்ட இடத்தில் அதற்கு 36 வாரம், 10ஐத் தாண்டிய இடத்தில் 45 வாரம். இரண்டு ஏஜென்சிகளில் வேலை செய்திருந்தால் இரண்டின் மணித்தியாலங்களும் சேரும், இரண்டிடமும் ஆர்.ஓ.ஈ. (Record of Employment, முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரம்) கேளுங்கள். கட்டணம் வெட்டாமல் கையில் காசாக வாங்கிய வேலையின் மணித்தியாலம் இந்தப் பதிவுகளில் இராது.

ஆர்.ஓ.ஈ. பத்திரத்தில் இரண்டு கட்டங்களை உற்றுப் பாருங்கள். 15ஏ என்பது மொத்த மணித்தியாலம். 16 என்பது வேலை நின்ற காரணம்: 'ஏ' என்றால் வேலை இல்லாமை, 'ஈ' என்றால் தானாக விலகியது, 'எம்' என்றால் நீக்கம். ஷிப்டைக் குறைத்ததில் கோபப்பட்டு "நான் வரேல்ல" என்று மெசேஜ் அனுப்பினால் அந்தக் கட்டத்தில் 'ஈ' விழும். விலகியதற்குத் தகுந்த காரணத்தை நிரூபிக்க முடியாவிட்டால் வாரங்கள் முழுவதும் போய்விடும். ஆர்.ஓ.ஈ. வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கடைசி வேலைநாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பத்திரம் பின்னால் வந்து சேரட்டும். மறுத்துக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். பலர் அந்தக் கடிதத்தோடு மனம் விட்டுவிடுகிறார்கள்.

தொகை, சராசரிக் கிழமைச் சம்பளத்தில் 55 வீதம்; 2025இல் உச்சம் 695 டொலர். மணிக்கு 20 டொலர்படி 40 மணி செய்தவருக்கு 440 டொலர், அதிலும் வருமான வரி வெட்டுவார்கள். இடையில் பகுதிநேர வேலை செய்யலாம். உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் கழிப்பார்கள், பழைய சம்பளத்தின் 90 வீதம் வரை. அதே ஆள் ஒரு கிழமை 200 டொலர் உழைத்தால் ஈ.ஐ. 340 ஆகும், மொத்தம் 540.

கூடுதலானோர் தடுக்கி விழுவது இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையில். காசு கைக்கு வந்த கிழமையை அல்ல, வேலை செய்த கிழமையைக் குறிக்க வேண்டும். வெட்டுப்போன மீதியை அல்ல, வெட்டுக்கு முந்திய தொகையை எழுத வேண்டும். சாப்பாட்டுக்கடையில் இரண்டு நாள் கைக்காசுக்கு நின்றதும், சொந்தக் காரில் டெலிவரி ஓடியதும் இதில் சேரும். மறைத்தது பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும். அத்துமீறல் பதிவானால் அடுத்த முறை தகுதி பெறத் தேவையான மணித்தியாலமும் கூடும்.

"கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா?" என்ற கேள்வியும் அந்த அறிக்கையில் உண்டு. வேலைதான் இல்லையே, ஒரு மாதம் யாழ்ப்பாணம் போய்வரலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெருங்கிய உறவினரின் செத்தவீடு, கடும் நோய் போன்ற சில காரணங்களுக்குத் தொடர்ச்சியாக 7 நாள் வரை விலக்கு உண்டு, அதையும் அறிவித்தாக வேண்டும். மற்றப்படி வெளியே நின்ற நாட்களுக்குக் காசு இல்லை.

அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதற்குக் காட்டவேண்டிய மூன்று வருட வருமானத்தில் சாதாரண ஈ.ஐ. காசைச் சேர்க்கமாட்டார்கள், பிள்ளைப்பேறு, நோய் போன்ற சிறப்புக் கொடுப்பனவுகள் மட்டுமே சேரும். ஈ.ஐ. வாரங்கள் முடிந்தபின் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் சமூக உதவிக் காசை எடுத்தால் நிலைமை இன்னும் இறுகும்: தனியாளுக்கு மாதம் உச்சமாக 733 டொலர்தான், அதோடு அதை எடுக்கும் காலத்தில் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. அதனால் ஈ.ஐ. கடைசி வாரத்துக்கு வரும்வரை காத்திராமல், பாதி வாரங்கள் மிச்சம் இருக்கும்போதே பகுதிநேர வேலையையாவது பிடித்து மணித்தியாலம் சேர்க்கத் தொடங்குங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அந்த மணித்தியாலங்களைத்தான் எண்ணுவார்கள்.