டாக்காவில் ஒரு மாமா

டாக்காவில் ரிக்ஷாக்காரரைக் கூப்பிட "மாமா" என்றால் போதும், வண்டி திரும்பிவிடும். நம் தாய்மாமனைக் குறிக்கும் அதே சொல், அங்கும் அதே பொருள். 2024 பிப்ரவரியில் போயிருந்தபோது, இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றிவிடலாம் என்ற தெம்பு முதல் நாளே வந்துவிட்டது.

முதலில் மெட்ரோ ரயில். 2022 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. உத்தராவிலிருந்து மோதிஜீல் வரை 100 டாகா (வங்கதேச நாணயம்). கீழே பஸ்கள் உரசிக்கொண்டு நிற்க, மேலே குளுகுளுவென்று பறந்தேன். பெண்களுக்குத் தனிப் பெட்டிகூட உண்டு. பொறாமையாகத்தான் இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன், என் கெட்ட பழக்கம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடையில் வருகிறது. அதைத் தைப்பவருக்கு 2023 டிசம்பர் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாகா. 26 வேலை நாளும் இந்த ரயிலில் முழுத் தூரம் போய்வந்தால் டிக்கெட்டுக்கே 5,200 போய்விடும்.

மறுநாள் மொஹாகாலியில் ஏறிய ரிக்ஷாவின் பின்தட்டில் மயிலும் ஒரு நடிகையும் பளபளத்தார்கள். டாக்காவின் ரிக்ஷா ஓவியத்தை 2023இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததை ஓட்டை இந்தியில் மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். வண்டி அவருடையதல்ல. முதலாளிக்குத் தினமும் 'ஜமா' என்ற வாடகை கட்டியது போக மிஞ்சுவதுதான் அவருக்கு. சொந்த ஊர் வடக்கே குரிகிராம். நிலத்தைப் பிரம்மபுத்திரா கொண்டுபோய்விட்டதாம்.

"ஒரே வெள்ளத்திலா?"

"மூன்று மழைக்காலம்."

குல்ஷன் எல்லையில் இறக்கிவிட்டார். தூதரகங்களும் பணக்காரர்களும் நிறைந்த அந்தப் பகுதிக்குள் அனுமதி பெற்ற தனி நிற ரிக்ஷாக்கள் மட்டுமே போகலாம். மாமாவானாலும் வாசலோடு சரி.

ஏரிக்கரை வரை நடந்தேன். இக்கரையில் கண்ணாடி மாடிகள். அக்கரையில் கொராயில் சேரியின் தகரக் கூரைகள், அரசு நிலத்தில் நெருக்கியடித்து. குல்ஷன் வீடுகளில் சமைக்கவும் பெருக்கவும் அங்கிருந்துதான் பலர் வருகிறார்கள். அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி 2016இல் 24.3 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 18.7 ஆகக் குறைந்திருக்கிறது. அதை நம்புகிறேன். அதே கணக்கெடுப்பில் வருமான ஏற்றத்தாழ்வின் ஜினி குறியீடு 0.482இலிருந்து 0.499 ஆக ஏறியிருக்கிறது. அந்தக் கரையில் நின்றால் அதையும் நம்பாமல் இருக்க முடியாது.

திரும்பியபோது அதே மாமா சவாரிக்குக் காத்திருந்தார்.

"உள்ளே என்ன பார்த்தீர்கள்?"

"ஏரி."

"அது என் வீட்டிலிருந்தே தெரியுமே" என்றபடி பெடலை மிதித்தார்.