தெப்பக்குளத்தில் ஒரு சாயங்காலம்

"அப்பா, உங்க ஸ்டம்பு எங்கிட்டு இருந்துச்சு?"

தெப்பக்குளச் சுவரில் உட்கார்ந்திருந்த இவர், தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினார். மைய மண்டபத்துக்குக் கொஞ்சம் இங்கிட்டு.

குளம் வறண்டு கிடந்த வருசங்களில் அதுதான் இவங்க கிரிக்கெட் மைதானம். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து, ரன் ஓடிய இடத்துக்கு மேலே படகு போகிறது. வெயில் இறங்க இறங்க மண்டபத்தின் நிழல் தண்ணீரில் நீண்டு, சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. புனேவுக்குப் போகிறோம்.

அதற்குள் ஊரை ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று தினமும் கிளம்பிவிடுகிறோம். நேற்று விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. முந்தாநாள் ஆயிரங்கால் மண்டபம். தூண்கள் உண்மையில் 985தான் என்றதும் மகள் நம்பவில்லை. எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் ஒரு யாளியிடம் நின்றுவிட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் கோயிலை இவ்வளவு நிதானமாக நான் சுற்றியதே இல்லை. பக்கத்தில்தானே இருக்கு, எப்ப வேணாலும் போகலாம் என்றே இருந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

"தைப்பூசத் தெப்பத்துக்கு வந்துருவோம்லப்பா?"

"வந்துருவோம்டா" என்றார்.

சுவரை விட்டு இறங்கத்தான் அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.