மிரர் பாதி அறுந்தால் முதல் 120 வினாடியில் செய்வது

மெயின்ஃப்ரேம் டிஸ்க்கில் எழுதுவதை எல்லாம் அப்போதே இன்னொரு இடத்து டிஸ்க்கிலும் எழுதுவது மெட்ரோ மிரர். சென்னையில் அம்பத்தூரில் ப்ரைமரி (மூலம்), சிறுசேரியில் செகண்டரி (நகல்) என்று அது ஓடினால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபைபரில் போய்வர கிலோமீட்டருக்கு 10 மைக்ரோவினாடி, 50 கி.மீ. கேபிளுக்கும் அரை மில்லிவினாடிதான். பெங்களூரு அப்படியல்ல. சாலையோரமாகப் போகும் கேபிள் மெட்ரோ மிரரின் 300 கி.மீ. வரம்பைத் தாண்டிவிடும்.

மொத்தமாக அறுந்தால் பயமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அறுவதுதான் ஆபத்து. டிபி2 டேட்டாபேஸ் முதலில் லாகை (மாற்றங்களின் பதிவை) எழுதும், அப்புறம்தான் டேட்டா இருக்கும் டேபிள்ஸ்பேஸை. இரண்டும் வேறு வேறு எல்எஸ்எஸ்ஸில் (ஸ்டோரேஜில் வால்யூம்களின் குழு) இருந்து, லாகின் பாதை மட்டும் முதலில் போனால், சிறுசேரியில் டேட்டா புதிது, லாக் பழையது. அங்கே டிபி2வை எழுப்பினால், முடியாத டிரான்சாக்ஷனைத் திருப்ப லாகில் ஒன்றும் இருக்காது. இமேஜ் காப்பியிலிருந்துதான் (டிபி2 பேக்கப்) மீட்க வேண்டும், அதற்குள் விடிந்துவிடும்.

அதனால் பாதை போடும்போதே அதற்கான செஸ்ட்பாத் (CESTPATH) கட்டளையில் சிகுரூப்(யெஸ்), அதாவது CGROUP(YES), கொடுக்கிறோம். டீஃபால்ட் ‘நோ’. பின்னர் ஒரு லிங்க் சேர்க்க மறுபடி கொடுக்கும்போது இதை விட்டுவிட்டால், புதிய கட்டளை பழையதை அழித்துவிடும், யாருக்கும் தெரியாது. யெஸ் இருந்தால் ஜோடி அறுந்ததும் அந்த வால்யூம் எக்ஸ்டெண்டட் லாங் பிஸிக்குப் போகும், அதாவது எழுத விடாமல் காக்க வைக்கும், மெயின்ஃப்ரேம் டிஸ்க் வடிவமான சிகேடியில் 120 வினாடி. அதற்குள் எல்லா எல்எஸ்எஸ்ஸுக்கும் சிகுரூப் ஃப்ரீஸ் (மிரரை நிறுத்தும் கட்டளை) போய்ச் சேர வேண்டும். ஆட்டோமேஷன் இல்லாமல் கையால் முடியாது. அதை ஓட்டும் எல்பாரின் (மெயின்ஃப்ரேமின் ஒரு பிரிவு) டிஸ்க் மிரரில் இருக்கவே கூடாது. இருந்தால் ஃப்ரீஸ் கொடுக்க வேண்டியவரே முதலில் உறைந்துபோவார். சேர்ந்து ஓடும் சிஸ்டங்களின் (சிஸ்ப்ளெக்ஸ்) பொதுத் தகவல் இருக்கும் கப்பிள் டேட்டாசெட்டுக்கும் இதே விதி. சிஸ்டம் லாகருடைய கப்பிள் டேட்டாசெட் மட்டும் விலக்கு.

அடுத்து சிகுரூப் ரன் கட்டளை, நின்றிருந்த எழுதுதல் ப்ரைமரியில் தொடரும். சிறுசேரி போகும் ஓஎம்ஆர் சாலையில் பள்ளம் தோண்டி கேபிள் அறுவது சகஜம் என்பதால், புரொடக்ஷனை நிறுத்தாமல் ‘கோ’ (ஃப்ரீஸுக்குப் பின் வேலை தொடரட்டும்) வைப்பதே எங்கள் தேர்வு. ஆனால் அதன்பின் அம்பத்தூரும் போய்விட்டால், ஃப்ரீஸுக்குப் பிறகு எழுதியது சிறுசேரியில் இருக்காது. இதற்கான ஒப்புதலை பிசினஸ் தரப்பிடம் முன்பே எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

லிங்க் திரும்பியதும் உடனே ரீசிங்க் (இரு பக்கத்தையும் மறுபடி ஒன்றாக்குவது) கொடுக்கத்தான் கை போகும். கொடுக்காதீர்கள். ரீசிங்க் மாறிய டிராக்குகளை எழுதிய வரிசையில் அனுப்பாது. முடியும்வரை செகண்டரி உபயோகமில்லாதது. முதலில் செகண்டரியில் ஃப்ளாஷ்காப்பி (அந்த நொடியின் நகல்) எடுக்கிறோம். அதற்கான இடத்தை வாங்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும். ஃப்ரீஸ் பாதைகளை அகற்றியிருக்கும், ஆகவே செஸ்ட்பாத் மீண்டும், பிறகே ஜோடி சேர்க்கும் செஸ்ட்பேர் ரீசிங்க். நிலையைக் காட்டும் சிக்வெரியில் ஒவ்வொரு ஜோடியும் டூப்ளெக்ஸ் (இரண்டும் ஒன்றாகிவிட்டன) காட்டிய பிறகே அந்த ஃப்ளாஷ்காப்பியை விடுவிக்கிறோம்.