இடம் இல்லை என்றேன்

"இடம் இல்லையம்மா" என்றேன். பொய். அவளுக்கும் அது தெரியும். வெட்டிய இரண்டு பத்திகள் இருந்த இடத்தில்தான், வண்ணம் தீட்டச் சொல்லி ஒரு விமானப் படத்தை வைத்திருந்தோம்.

எங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதிக்கு, அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் பற்றி எழுதியிருந்தாள். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக, முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தவர். எதிரே பெட்ரோல் தொட்டி மறைத்ததால், பக்கத்து ஜன்னலையும் சின்னப் பெரிஸ்கோப்பையும் நம்பி ஓட்டினார் என்ற வரியை இரண்டு முறை படித்து ரசித்தேன். அதில் கை வைக்கவில்லை.

வெட்டியது மீதியை. 1938இல் பெர்லினில் நாஜித் தலைவர் கோரிங் கையால் வாங்கிய பதக்கம். 1941 செப்டம்பர் 11 அன்று அயோவாவின் டெமாய்ன் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் என்று பிரிட்டிஷாரையும் யூதர்களையும் ரூஸ்வெல்ட் அரசையும் சுட்டிய பேச்சு. போர் வேண்டாம் என்ற அமெரிக்கர் எல்லோரும் யூத வெறுப்பாளர்கள் அல்லர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பிரித்துச் சொல்ல இரண்டு பத்தி போதுமா? போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படியானால் நான்கு பத்தி கேட்டிருக்கலாமே. வாசகர் கடிதங்களுக்குப் பயந்தேனோ என்னவோ.

"நம்மைப் பற்றியும்தானே சார் எழுதியிருக்கிறார்?" என்றாள். 1939 நவம்பர் ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டுரையைச் சொன்னாள். மஞ்சள், கறுப்பு, பழுப்பு நிறத்தார் நெருக்கும் கடலில் வெள்ளை இனம் பிழைத்திருக்க உதவும் அரிய உடைமைகளில் விமானமும் ஒன்று என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார். அந்தப் பழுப்பில் நானும் அவளும் அடக்கம். கிரேயானை எடுக்கப்போகும் பிள்ளைகளும் அடக்கம். பதில் சொல்லாமல், படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி வடிவமைப்பாளர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு எனக்கு நானே வாதாடியதுண்டு. 1944இல் பசிபிக்கில், ராணுவப் பதவி இல்லாமலேயே ஐம்பது போர்ப் பயணங்கள் போனாரே, மனிதர் மாறியிருக்க மாட்டாரா என்று. ஆனால் எதிரே இருந்தவர்கள் ஜப்பானியர்கள் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த வாதமும் நொண்டியது.

மறுவாரம் ஒரு சிறுவன் அஞ்சலட்டை போட்டிருந்தான். அவர் ஓட்டியது ஒற்றை இறக்கை விமானம், நீங்கள் போட்டிருப்பது இரட்டை இறக்கை என்று. உடனே திருத்தம் வெளியிட்டோம். இரண்டே வரி. அவளைத்தான் எழுதச் சொன்னேன்.