விளக்கு வைத்ததும் தொடங்கும் கச்சேரி

மார்த்தாண்டத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் இப்போது என் மகளின் குரல் பழக்கம். விளக்கு வைத்ததும் தொடங்கிவிடுகிறாள். முகம் சிவந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, விரல்களை இறுக மூடிக்கொண்டு ஒரே அழுகை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, நிற்கவில்லை.

மாமியார் வசம்பு உரைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஓமத்தண்ணீரில்தான் நம்பிக்கை. "கண்ணு பட்டிருக்கிறது மக்களே" என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டார். வாசலில் நாங்கள் தும்மியதுதான் மிச்சம்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு இதை 'கோலிக்' என்றார். நல்ல ஆரோக்கியமான குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் அழுதால் இந்தப் பெயர். 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு. காரணம் இன்றும் தெளிவில்லை. பெரும்பாலும் 6ஆவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாக அடங்கிவிடுமாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் தாமதிக்கக் கூடாது.

முன்கையில் குப்புறப் போட்டு இருட்டறையில் நடந்தால் சற்று அடங்குகிறாள். அந்த நேரம் மனைவி தூங்குகிறாள். வீட்டில் உருப்படியான மருந்து அது ஒன்றுதான். பொறுமை போய்விட்டால் தொட்டிலில் கிடத்திவிட்டு வாசலில் நிற்கிறேன். குழந்தையைக் குலுக்கவே கூடாது.

பார்க்க வருகிறவர்கள் காலையில் வாருங்கள். மாலையில்தான் முடியும் என்றால், ஆலோசனை வேண்டாம், தோள் கொடுங்கள்.