மேலே போய், மறுகா?

கெல்டால் முறையில் மண்ணின் நைதரசனைப் பார்க்கிற ஆய்வுகூடம் எதுவானாலும் அந்த வெள்ளைப் புகை இருக்கும். அடர் சல்பூரிக் அமிலம் 350 பாகைக்கு மேல் கொதிக்கும்போது எழும்புவது. மட்டக்களப்பில் எனக்குத் தந்த இடத்தில் அதை வெளியேற்ற இருந்தது சுவரில் ஒரு மின்விசிறி மட்டும். துருவேறி, தொட்டால் பொருக்கு உதிரும்.

அடுப்புக்கு மேலே ஒரு தகட்டுக் கூடு தொங்கவிட்டால் போதும் என்றார்கள். நான் விடவில்லை. குனிந்து வேலை செய்பவரின் முகத்தைத் தடவிக்கொண்டுதான் புகை மேலே போகும். மூன்று பக்கமும் அடைத்த பெட்டி, முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி என்று வரைந்தேன். திறப்பு 1.2 மீற்றர் அகலம், அரை மீற்றர் உயரம். காற்று செக்கனுக்கு 0.5 மீற்றர். மணிக்கு 1080 கன மீற்றர் வெளியே போகிறது, அவ்வளவும் உள்ளே வரவேண்டுமே, அதனால் கதவின் கீழ்ப்பாதியில் கிறில். குழாய் கூரைக்கு மேல் 3 மீற்றர். மழைக்குக் குழாயின் வாயில் தொப்பி வேண்டும் என்று வேலை செய்த மேசன் பாஸ் அடம்பிடித்தார். அது புகையைக் கீழே தள்ளும் என்று விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போனது.

இதிலெல்லாம் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கேட்டது ஆய்வுகூட உதவியாளர் அக்கா.

"தம்பி, இந்தப் புகை எங்க போகும்?"

"மேலே போயிரும் அக்கா."

"மேல போய், மறுகா?"

காற்றோடு கலந்து ஐதாகிவிடும் என்றேன். அவர் மேற்குப்பக்க மதிலைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு வீடு, கிணறு, கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள்.

"கச்சான் அடிச்சா கடலுக்குப் போகும். வாடைக்குக் கிறுகினா?"

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. வாடை கடலிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் வீசுவது.

புகையைச் சோடாக் கரைசலால் கழுவி வெளியே விடும் தொட்டி ஒன்று என் முதல் வரைபடத்தில் இருந்தது. மதிப்பீட்டில் அதைத்தான் முதலில் வெட்டினார்கள். "அடுத்த வருசம் பார்ப்பம்." சரி என்றேன். அது இல்லாமல் தொடங்கமாட்டேன் என்று நின்றிருந்தால், அந்த அக்கா இன்னும் அமிலத்தைத்தான் சுவாசித்துக்கொண்டிருப்பார். அதுவும் வெளியே போவது கொஞ்சம், நாளில் சில மணி நேரம். அந்த முற்றத்தில் விறகடுப்பும்தான் புகைகிறது.

விறகடுப்பு அவர்களே மூட்டியது என்று அப்புறம் தோன்றுகிறது. கணக்கெல்லாம் பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்குத்தான் போட்டேன். மதிலுக்கு அப்பால் இருப்பவருக்கு 3 மீற்றர் குழாய் ஒன்றுதான் பதில். அது ஏற்ற உயரம்தான், ஆனால் வாடை மழைக்காலத்தில் வருகிறது. மழையோடு எது எங்கே இறங்குகிறது என்று அளக்க எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

அக்கா இப்போது இருமுவதில்லை. இந்த வருட மதிப்பீட்டிலும் தொட்டியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வெட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.