ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’: தேர்வில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

தென் கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் இந்த நாவலைப் பற்றிய விடைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. “யோங்-ஹே ஆணாதிக்கத்தை எதிர்த்து இறைச்சியைத் துறக்கிறாள்” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம். நாவலின் நாயகியான அவள் அப்படிச் சொல்வதே இல்லை. கேட்டவர்களுக்கு அவள் தரும் பதில், “ஒரு கனவு கண்டேன்” என்பது மட்டும்தான். கொரியத் தலைப்பான ‘சேசிக்ஜுயிஜா’வில் உள்ள ‘ஜுயிஜா’ ஒரு கொள்கையைப் பிடித்திருப்பவரைக் குறிக்கும் பின்னொட்டு. கொள்கை எதுவும் பேசாத பெண்ணுக்கு மற்றவர்கள் ஒட்டிய பெயர் அது. விடையை இங்கிருந்து தொடங்கினால் மீதி தானாக வரும்.

அடுத்து, யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று பகுதிகள். முதலாவது கணவனின் தன்மைக் கூற்று. இரண்டாவது, ‘மங்கோலிய மச்சம்’, காணொளிக் கலைஞனான அக்காள் கணவனின் பார்வையில் படர்க்கையில் நகர்கிறது. மூன்றாவதில் அக்காள் இன்-ஹே. ஆங்கில மொழிபெயர்ப்பில் இது நிகழ்காலத்தில் ஓடுகிறது. யோங்-ஹேயின் குரல் நேரடியாகக் கேட்பது முதல் பகுதியில் இடையிடையே வரும் கனவுத் துண்டுகளில் மட்டும். படிக்கும்போதே அவற்றைத் தனி நிறத்தில் கோடிட்டு வையுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளை மூன்றாகப் பிரித்து, அவள் உடலை யார் பார்க்கிறார்கள், என்ன செய்கிறார்கள், அவள் என்ன பதில் தருகிறாள் என்று குறியுங்கள். தந்தை அவள் வாயில் இறைச்சியைத் திணிப்பதும், மருத்துவமனையில் குழாய் வழியே உணவு செலுத்துவதும் அருகருகே வந்து நிற்கும். முதலாவது குடும்பத்தின் பெயரால், அடுத்தது சிகிச்சையின் பெயரால். நாவலின் மையம் அந்த இணைப்புதான் என்பது என் கணிப்பு. தந்தை வியட்நாம் போரில் பங்கேற்றவர் என்பதையும் அதோடு சேர்த்து எழுதினால் வாதம் வீட்டைத் தாண்டி நாட்டின் வன்முறைக்குள் போகும்.

தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் ‘சைவம்’ என்ற சொல்லோடு சாதியும் தூய்மையும் ஒட்டிக்கொண்டு வரும். யோங்-ஹேயின் மறுப்பில் அது கிடையாது. அவள் தோல் பொருட்களையும் தூக்கி எறிகிறாள், கடைசியில் உணவையே விட்டு மரமாக விரும்புகிறாள். சமயவேலின் தமிழாக்கம் ‘மரக்கறி’ என்ற தலைப்பில் இருப்பது இந்த வகையில் உதவி.

ஆண்டுகளைக் குழப்பாதீர்கள். கொரியத்தில் நூலானது 2007, டெபோரா ஸ்மித்தின் ஆங்கிலம் 2015, மேன் புக்கர் சர்வதேசப் பரிசு 2016, ஹான் காங்குக்கு நோபல் 2024. 2016 பரிசு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. இது புக்கர் பரிசு அல்ல, வேறு பரிசு. ஆங்கிலப் பிரதி மூலத்தைவிட அலங்காரமானது என்ற விமர்சனம் உண்டு. கை, பாதம் ஆகியவற்றுக்கான ஒலிநெருக்கமுள்ள கொரியச் சொற்கள் மாறிப்போன பிழையும் சுட்டப்பட்டது. ஆகவே ஆங்கில வாக்கியத்தின் ஒரு சொல்லை மட்டும் பிடித்து வாதம் கட்ட வேண்டாம்.

ஒப்பிடச் சொன்னால் மற்றொரு கொரிய நாவலான, சோ நாம்-ஜூவின் ‘கிம் ஜி-யங், பிறப்பு 1982’ (2016) பொருந்தும். அங்கேயும் பெண்ணின் கதையைச் சொல்பவர் ஓர் ஆண் மனநல மருத்துவர் என்பது இறுதியில்தான் தெரியும்.

15 மதிப்பெண் கேள்விக்கு 30 நிமிடம் கிடைத்தால், 5 நிமிடம் குறிப்புக்கு. இரண்டு காட்சிகள் போதும். கதைச்சுருக்கம் நான்கு வரியைத் தாண்டக் கூடாது.